முதல் தூறலுக்கே இருட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று எங்கள் சைக்கிள்களை மட்டும் தின்பதில்லை. ஒழுங்கை முனையில் இருக்கும் சிறிய உபமின்நிலையத்தில், கம்பியிலிருந்து மின்சாரம் கசியாமல் தடுக்கும் பீங்கான் காவலிகளிலும் படிகிறது. வெயில் காலத்தில் அந்த உப்பு சும்மா கிடக்கும். முதல் தூறல் விழுந்து ஈரமானதும் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். இரவில் ஒரு சீறல், நீலப்பொறி, அப்புறம் ஊரே இருட்டு. பெருமழை என்றால் பரவாயில்லை, அதுவே கழுவிவிடும்.

இன்னொன்று, 33,000 வோல்ட்டை 400 ஆக இறக்கும் ட்ரான்ஸ்போமரின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை உண்டு. உள்ளே எண்ணெய் சூடாகி ஆறும்போது இழுக்கும் காற்றின் ஈரத்தை அதிலுள்ள சிலிக்கா மணிகள் உறிஞ்சும். காய்ந்திருந்தால் நீலம், ஊறிவிட்டால் இளஞ்சிவப்பு. வேலிக்கு வெளியே நின்றே பார்க்கலாம்: அடியிலிருந்து நுனிவரை இளஞ்சிவப்பு. என் மகள் அதைப் பூந்தி என்கிறாள்.

மின்சார அலுவலகத்தில் இரண்டு தடவை சொன்னோம். "சரி, பார்க்கிறோம்" என்றார்கள். புது இயந்திரம் எதுவும் கேட்கவில்லை. மாரி தொடங்குமுன் காவலிகளைக் கழுவி, அந்த மணிகளை மாற்றித் தந்தால் போதும்.

வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு