‘வந்துவிட்டான்’ என்று சொன்னவருக்கு

பெப்ரவரியில் எங்களுக்கு நடந்தது இதைப் படிக்கும் பலருக்குத் தெரியும். பாதிப் பேர் அன்றிரவே என்னோடு தொலைபேசியில் இருந்தவர்கள். ஆகவே அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. அமெரிக்காவில் பரிமாற்ற மாணவனாகப் படிக்கிற என் மகன், நாங்கள் தம்பி என்று கூப்பிடுகிறவன், சுகமாக இருக்கிறான். சாப்பிடுகிறான், நித்திரை கொள்கிறான், கணக்கில் புள்ளி குறைந்ததற்குச் சாட்டுச் சொல்கிறான். சாட்டுச் சொல்லத் தொடங்கியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ரொறன்ரோவிலிருந்து எல்லை கடந்து பனிக்குள்ளே ஒகையோ வரை காரோட்டிப் போன என் சின்னண்ணா. கொலம்பஸிலிருந்து ரசமும் இடியப்பமும் கட்டிக்கொண்டு போன, அதுவரை முகமே தெரியாத தமிழ்க் குடும்பம். தங்கள் மகனுடைய அறையில் இன்னொரு கட்டிலைப் போட்டு அவனுக்கு இடம் கொடுத்த இரண்டாவது வீட்டார். இந்தப் பரிமாற்றத் திட்டத்தில் பிள்ளையை வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு சதமும் சம்பளம் இல்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். நடுச்சாமத்திலும் பதில் எழுதிய ஒருங்கிணைப்பாளர், இங்கே லண்டன் ஹரோவில் என் வேலை நேரங்களைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட தோழிகள். எல்லோருக்கும் தனித்தனியாக எழுதுவேன். இந்த மடல் ஒருவருக்கானது.

அவர் ஆசிரியரும் இல்லை, அதிபரும் இல்லை. தம்பி படிக்கும் ஹை ஸ்கூலின் அலுவலகத்தில் வரவு பதிகிறவர். அங்கே ஆசிரியர்களைக் குடும்பப் பெயர் சேர்த்துத்தான் கூப்பிடுவார்களாம். இவன் லண்டன் பழக்கத்தில் வெறும் ‘மிஸ்’ என்று தொடங்க, அது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. எங்கள் வீட்டிலும் அவர் பெயர் மிஸ்தான்.

பிள்ளை ஒரு பாடத்துக்கு வராவிட்டாலும் பெற்றோருக்குத் தானாகவே அழைப்புப் போகிற ஏற்பாடு அந்தப் பள்ளியில் உண்டு. பதிவு செய்த குரல். அந்தக் கெட்ட நாட்களில் அது ஒவ்வொரு நாளும் வந்தது. உங்கள் பிள்ளை இன்று வரவில்லை, உங்கள் பிள்ளை இன்று வரவில்லை. வரவில்லை என்பது எனக்குத் தெரியாதா? பதிவுக் குரலோடு சண்டை பிடிக்கவும் முடியாது. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அலுவலகத்துக்கே எடுத்து, எதிர்முனையில் இருந்தவரிடம் சத்தம் போட்டு அழுதேன். அது மிஸ். நான் முடிக்கும்வரை கேட்டார். ‘அவன் திரும்பி வருகிற அன்று நானே உங்களுக்குச் சொல்கிறேன்’ என்றார். ஆளைச் சமாளிக்கச் சொல்கிற பேச்சு என்றுதான் நினைத்தேன்.

அவன் திரும்பிப் போன அன்று இங்கே பகல் ஒன்றேகால், அங்கே காலை எட்டேகால். மருந்துக்கடையின் பின்னறையில் பாணைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். ‘வந்துவிட்டான். முதல் பாடத்தில் இருக்கிறான்.’ அவ்வளவுதான், வைத்துவிட்டார். மறுநாளும் எடுத்தார். அதற்கு மறுநாளும். நான் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவும் மாட்டாது.

ஒரு நிமிடம் கூட நீளாத அழைப்புகள். ஆனால் மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரு செய்தி ஒட்டிக்கொண்டு வந்தது. லொக்கர் இலக்கங்களை மறந்துவிட்டான்: வலப்பக்கம் இரண்டு சுற்று, இடப்பக்கம் ஒரு முழுச் சுற்றுத் தாண்டி, பிறகு வலம். மூன்றாவது தரம் திறந்துவிட்டது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேதியியல் வகுப்பிலிருந்து வெளியே போக அனுமதிச் சீட்டுக்குப் பதிலாக ஒரு பெரிய மரக்கரண்டியைக் கொடுப்பார்கள், அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு போகிறான். இன்று 5 டிகிரி, ஆனாலும் கோட்டின் பொத்தான் போடவில்லை. லண்டனில் 5 டிகிரி என்றால் சாதாரணக் குளிர். நானும் ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டேன். அது பரனைட் கணக்கு, நம் கணக்கில் மைனஸ் 15 என்று இரவுதான் உறைத்தது.

இன்னொரு நாள் அவன் ‘குவைட் வெல்’ என்றார். இங்கிலாந்துக்காரர் அப்படிச் சொன்னால் ‘ஏதோ பரவாயில்லை’ என்று பொருள். மாலைவரை வயிற்றைப் பிசைந்தது. அமெரிக்காவில் அதற்கு நல்ல சுகம் என்று பொருளாம்.

ஒருநாள் கொஞ்சம் முந்தி எடுத்தார். பின்னால் ஒலிபெருக்கியில் கொடிக்கு உறுதிமொழி சொல்வது கேட்டது. அவனை வேறு நாட்டுக் கொடிக்குச் சத்தியம் செய்ய வைத்துவிடுவார்கள் என்று என் மச்சாள் ஓகஸ்டிலேயே வெருட்டி வைத்திருந்தாள். தம்பி என்ன செய்வான் என்று கேட்டேன். ‘எழுந்து நிற்பான், வாய் திறக்க மாட்டான், அது போதும்’ என்றார். எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 1943இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். உறுதிமொழி முடிந்த கையோடு அதே ஒலிபெருக்கி அன்றைய மதியச் சாப்பாட்டைச் சொன்னது. சிக்கன் நகெட்.

ஒருநாள் பனி கொட்டியதால் பள்ளிக்கு விடுமுறை. அந்தச் செய்தியைப் பதிவுக் குரல் சொல்லிவிட்டது, எனக்கும் விளங்கிவிட்டது. இருந்தாலும் ஒன்றேகாலுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. மிஸ், தன் வீட்டிலிருந்து. ‘இன்று பள்ளிக்கூடம் இல்லை, அதனால் அவன் வரவில்லை. பழக்கத்தில் காத்திருப்பீர்கள் என்று நினைத்தேன்.’ காத்திருந்தேன்தான். பின்னாலே நாய் குரைத்தது. மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். எங்கள் முதலாளி, பாவம், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு கோப்பி போட்டுத் தந்தார்.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை அந்த எண் பன்னிரண்டேகாலுக்கே ஒளிர்ந்தது. ஒரு மணி நேரம் முன்னதாக. கை விறைத்துப்போய்விட்டது. எடுத்தேன். ‘வந்துவிட்டான்’ என்றார், வழக்கம்போல. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே மணிக்கூட்டை மாற்றிவிடுகிறது, நாங்கள் கடைசி ஞாயிறுவரை இருந்துவிட்டு மாற்றுகிறோம். இந்த மூன்று வாரக் குழப்பத்தை யாராவது முதலே சொல்லியிருக்கக் கூடாதா?

மொத்தம் 26 அழைப்புகள். நிறுத்தச் சொன்னது தம்பிதான். ‘அம்மா, எனக்குப் பதினாறு வயது, அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்’ என்று கெஞ்சினான். கடைசி அழைப்பில், ஏன் இவ்வளவு செய்தீர்கள் என்று கேட்டேன். ‘யார் வந்தது, யார் வரவில்லை என்று பார்ப்பதுதானே என் வேலை’ என்றார்.

இப்போதும் ஒன்றேகாலுக்குக் கண் கைபேசிக்குப் போகிறது. பள்ளி முடிகிற நேரம் அவனைக் கூட்டிவர நானே போகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. அந்தக் கதவில் பொத்தானை அழுத்தி, யார் என்று சொல்லி, அடையாள அட்டை காட்டினால்தான் உள்ளே விடுவார்களாம். பரவாயில்லை, காட்டுகிறேன். கையில் பயற்றம் பணியாரம் இருக்கும். அவருக்குப் பயறு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுச் சொல் என்று தம்பியிடம் மூன்று தரம் சொல்லிவிட்டேன், இன்னும் கேட்கவில்லை. சின்னண்ணா, நீங்கள் கதைக்கும்போது ஒருக்கால் நினைவுபடுத்துங்கள்.

தம்பியின் அம்மா,
ஹரோ