உன் நாவலின் செய்தியாளர் ஏன் தனியாக இருக்கிறாள்?

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதமும் நாவலின் தொடக்க அத்தியாயங்களும் கிடைத்தன. ஓய்வு பெற்ற பிறகாவது நீ எழுத உட்கார்ந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் உன் புலனாய்வுச் செய்தியாளர் யாரிடமும் எதையும் சொல்லாமல் ஒற்றை ஆளாக ஆட்சியாளர்களை எதிர்ப்பதை நீ வீரமாக வரைந்திருக்கிறாயே, அங்கேதான் எனக்கு மறுப்பு. ஐரோப்பியத் தீவு நாடான மால்டாவில் டாஃப்னி கருவானா கலிசியா என்ற புலனாய்வுச் செய்தியாளருக்கு அந்தத் தனிமைதான் எமனாக வந்தது.

அந்நாட்டின் அன்றைய பிரதமர் ஜோசப் மஸ்கட்டின் அலுவலகத் தலைவர் கீத் ஷெம்ப்ரிக்கும் அமைச்சர் கோன்ராட் மிசிக்கும் பனாமாவில் ரகசிய நிறுவனங்கள் இருப்பதை டாஃப்னி 2016 தொடக்கத்தில் எழுதினார். சில வாரங்களில், ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த 'பனாமா ஆவணங்கள்' அதை உறுதி செய்தன. ஆயினும் இருவரும் அதிகாரத்தில் நீடித்தார்கள். டாஃப்னிக்கு எதிராகத்தான் வழக்குகள் குவிந்தன. அவர் இறந்தபோது 47 அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அவற்றுள் அமைச்சர் ஒருவர் தொடுத்த வழக்கில் டாஃப்னியின் வங்கிக் கணக்குகளை நீதிமன்றம் முடக்கியிருந்தது. 2017 அக்டோபர் 16 அன்று வங்கிக்குப் புறப்பட்ட அவரை, பிட்னியாவில் வீட்டருகிலேயே, காரில் வைத்த குண்டு கொன்றது. அதன் பிறகும் அவ்வழக்குகளில் பலவற்றை அவருடைய குடும்பத்தார் சுமக்க நேர்ந்ததை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. அரசு இக்கொலைக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2021-இல் பொது விசாரணைக் குழு அறிவித்தது. குற்றம் செய்தால் தண்டனை கிடையாது என்ற சூழல் ஆட்சியின் உச்சியிலிருந்தே பரவியதை அது தெளிவாகச் சுட்டிக்காட்டியது.

கொலைக்குச் சில மாதங்களுக்கு முன் டாஃப்னி '17 பிளாக்' என்ற துபாய் நிறுவனத்தின் பெயரை எழுதியிருந்தார். அதன் உரிமையாளர் யாரென்பது அவருக்குத் தெரியாது. அவர் விட்ட இடத்திலிருந்து பல நாடுகளைச் சேர்ந்த 45 செய்தியாளர்கள் கூடி வேலையைத் தொடர்ந்தார்கள். தொழிலதிபர் யோர்கன் ஃபெனெக்தான் அதன் உரிமையாளர் என்பதை 2018 நவம்பரில் ராய்ட்டர்ஸும் டைம்ஸ் ஆஃப் மால்டாவும் வெளியிட்டன. மறு ஆண்டு அவர் தன் படகில் கிளம்பும்போது கைதானார். கொலைக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார். அந்தக் கைதுக்குப் பின் எழுந்த மக்கள் போராட்டத்தில் மஸ்கட் பதவி விலகலை அறிவிக்க வேண்டியதாயிற்று. குண்டு வைத்த டெஜியோர்ஜியோ சகோதரர்கள் 2022-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தலா 40 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்கள்.

ஆகவே, உன் நாவலில் நள்ளிரவு மிரட்டல் தொலைபேசிக்குப் பதிலாக ஒரு நீதிமன்ற ஊழியர் பகலில் வந்து சம்மன் கொடுக்கட்டும். அடுத்த வாரம் இன்னொன்று வரட்டும். அவளுடைய பத்திரிகை நண்பர்கள் ஒவ்வொருவராக விலகிப் போவதை நிதானமாக எழுது. முடிவுப் பகுதியில் அவளுடைய குறிப்பேட்டைப் பல கைகள் பிரித்துப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். திருத்திய அத்தியாயங்களை அனுப்பு. பொங்கலுக்கு நீ ஊருக்கு வரும்போது உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
இராமலிங்கம்