போனில் சொன்னது பொய், செல்வி

அன்புள்ள செல்வி,

சுகம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே கலிபோர்னியாவில் எல்லோரும் நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் நீ போன் செய்தபோது, என் மகள் யாழினி யூனிவர்சிட்டியில் சேர்ந்துவிட்டாள் என்றேனே, அது பொய். அவள் சேர்ந்தது வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும், இரண்டு வருடப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜில். உன்னிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் இது. முதலாவதை இப்போது இழுக்காதே, ஜங்ஷன் சினிமா சங்கதி முடிந்த கதை.

வெட்கமாக இருந்ததடி. இங்கே நம் ஆட்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் "ஓ..." என்று ஓர் இழுப்பு. இந்த ஊரில் இருக்கும் உன் நாத்தனார் எப்படியோ மோப்பம் பிடித்து, "ஐடிஐ மாதிரியா?" என்று கேட்டேவிட்டாள். அவள் உன்னிடம் வத்தி வைப்பதற்குள் நானே எழுதுகிறேன்.

முதலில் எனக்கே புரியவில்லை. நமக்குத் தெரிந்த காலேஜ் என்றால் தலைக்கு மேலே ஒரு பல்கலைக்கழகம். வினாத்தாள் அங்கிருந்து சீல் வைத்து வரும், பட்டத்தில் அதன் பெயர் இருக்கும். இங்கே அந்தப் பிடி கிடையாது. பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர் என்று ஒரு காலேஜ். மொத்தமே 1,600 பிள்ளைகள் சொச்சம், இளநிலை மட்டும், பட்டத்தை அவர்களே தருகிறார்கள். இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. டார்ட்மவுத்தில் மருத்துவப் படிப்பே உண்டு, பெயர் இன்னும் காலேஜ்தான். பென் எனும் பென்சில்வேனியா யூனிவர்சிட்டி தனியார், பென் ஸ்டேட் வேறு. இரண்டும் ஒன்று என்று நினைத்து நான் ஒரு வருடம் தலையாட்டியிருக்கிறேன்.

கலிபோர்னியாவில் 1960-ல் ஒரு திட்டம் போட்டார்கள். பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்குக்கு யூ.சி. எனும் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்டேட் யூனிவர்சிட்டி, யார் வந்தாலும் கம்யூனிட்டி காலேஜ். கூடவே ஓர் ஏணியும் வைத்தார்கள். இரண்டு வருடம் ஒழுங்காகப் படித்தால் மூன்றாம் வருடத்துக்கு யூ.சி.க்கு ஏறலாம். டேவிஸ், இர்வைன் உள்பட ஆறு வளாகங்கள், மார்க் இருந்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. பெர்க்லியில் அந்த உறுதி கிடையாது. யாழினிக்குப் பெர்க்லிதான் வேண்டுமாம், சரி, பார்ப்போம். எங்கே முடிக்கிறாளோ அந்தப் பெயரில்தான் பட்டம்.

கம்யூனிட்டி காலேஜில் பாடங்களை யூனிட் கணக்கில் எண்ணுகிறார்கள், ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். வருடம் 30 யூனிட் என்றால் 1,380. யூ.சி.யில் இந்த மாநிலத்தவருக்கே 14,000-க்கு மேல், ஸ்டான்போர்டில் 60,000-ஐத் தாண்டும். இந்தக் கணக்கைச் சொன்னபோதுதான் இவர் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார்.

போன வாரம் இரவு அவளைக் கூட்டிவரப் போனவள், வகுப்புக் கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். யாழினிக்குப் பக்கத்தில் நரைத்த தலை, பெயிண்ட் படிந்த பூட்ஸ். பின்னால் நர்ஸ் உடையிலேயே வந்த ஒரு பெண், ஒரு கையில் பேனா, மறு கையில் சாண்ட்விச். பெரியவர் நோட்டை நகர்த்த, இவள் பென்சிலால் ஒரு வரியை அடித்துத் திருத்துகிறாள். வீட்டில் ஒரு டம்ளர் கழுவச் சொன்னால் முறைப்பவள்! காரில் சொன்னாள்: "அவர் பேத்திக்கு என் வயசும்மா. அந்தக் காலத்துல விட்ட கால்குலஸை முடிக்கணுமாம்." எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஜனவரியில் அக்கவுண்டிங் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். சிரிக்காதே.

இப்போது கார்த்திக் முதுநிலைப் படிப்புக்கு, எம்.எஸ்.ஸுக்கு, இங்கே வரும் விஷயம், விளையாட்டில்லை. நீ அனுப்பிய அட்மிஷன் கடிதத்தைப் பார்த்தேன். பெயரில் யூனிவர்சிட்டி, இண்டர்நேஷனல் எல்லாம் இருக்கிறது, அங்கீகாரம் கொடுத்தது யார் என்று ஒரு வரி இல்லை. இங்கே நம்மூர் யுஜிசி மாதிரி, பல்கலைக்கழகங்களை அங்கீகரிக்கும் அரசு அமைப்பு கிடையாது. தனியார் அமைப்புகள்தான் சோதித்து அங்கீகாரம் தரும். அந்த அமைப்புகளை மத்தியக் கல்வித்துறை ஏற்றிருக்க வேண்டும். 2011-ல் பிளசன்டனில் ட்ரை-வேலி யூனிவர்சிட்டி விசா மோசடியில் பிடிபட்டபோது மாட்டிக்கொண்டவர்களில் ஏராளமானோர் ஆந்திரப் பிள்ளைகள். சிலருக்குக் காலில் கண்காணிப்புப் பட்டையே கட்டினார்கள். கார்த்திக்கின் கடிதத்தைப் படித்தபோது அந்தப் படம்தான் கண்ணில் வந்தது. ஏஜென்ட் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பணம் கட்டாதே, அண்ணனிடமும் சொல். கல்வித்துறைப் பட்டியலில் பார்த்து ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன். யாழினியின் வழி அவனுக்கு உதவாது. எம்.எஸ். அங்கே கிடையாது, 46 டாலரும் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான்.

உன் நாத்தனார் போன் செய்தால், ஐடிஐக்காரி விசாரித்தாள் என்று சொல்.

அன்புடன்,
மீனா