பிக்காசோவின் கனத்த பெண்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிக்காசோ 1921-இல் வரைந்த 'பெரிய குளிக்கும் பெண்' பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உருவங்களை உடைத்து வடிவங்களாக அடுக்கும் கியூபிச பாணியால் எல்லோரையும் கலங்கடித்த மனிதர் கடைசியில் பழைய கிரேக்கச் சிலைகளிடம் சரணடைந்துவிட்டாராம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1917-இல் பாலே நடன மேடை வேலையாக இத்தாலி போனவர் ரோம், நேப்பிள்ஸ், பாம்பெய் என்று சுற்றினார், பழைய சிலைகளைக் கண்ணாரப் பார்த்தார், சரி. ஆனால் அப்பா ஓவிய ஆசிரியர், பையன் பதின்ம வயதிலேயே பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து தேறியவன். அச்சு அசலாக ஒரு வீனஸ் (அழகின் தேவதை, கிரேக்கர்களுக்கு அப்ரோடைட்டி) வேண்டுமென்றால் வரைந்துவிட்டுப் போயிருப்பார். இவள் வீனஸா? கிரேக்கச் சிற்பி பிராக்சிட்டிலீஸ் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய அப்ரோடைட்டி (மூலச்சிலை போய்விட்டது, ரோமானியப் பிரதிகள்தான் மிச்சம்) ஒரு காலில் எடையைச் சாய்த்து, ஒரு கையால் தன்னை மறைத்தபடி நிற்பாள், யாரோ பார்த்துவிட்ட மாதிரி. அவள் உடலில் எல்லாமே அளவாக இருக்கும். பிக்காசோவின் பெண் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறாள், பார்ப்பவரைப் பற்றிக் கவலையே இல்லை. கையும் காலும் பெருத்துக் கிடக்கின்றன. 182 செ.மீ. உயர ஓவியத் திரையே அவளுக்குப் போதவில்லை. சிலையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அழகின் கணக்கை இல்லை, கல்லின் கனத்தை. படத்தில் வரைந்த துணியின் மடிப்புகளைப் பாருங்கள், காற்றடித்தாலும் அசையாது!

அப்புறம், உருளை உருளையாகத் திரண்ட அந்தக் கைகால்களில் கியூபிசம் எங்கே போய்விட்டது? அங்கேயேதான் இருக்கிறது. அதே 1921 கோடையில், பிரான்சின் ஃபோன்தேன்ப்லோவில், 'மூன்று இசைக்கலைஞர்க'ளைக் காகிதம் வெட்டி ஒட்டியது போலக் கியூபிச பாணியில் தட்டையாக வரைந்த கைதான் 'ஊற்றருகே மூன்று பெண்க'ளைத் தூண் தூணாக நிறுத்தியது. சரணடைந்தவர் இரண்டையும் ஒரே கோடையில் செய்வாரா?

இன்னொன்று. நீங்கள் அச்சிட்ட படத்தில் முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டீர்கள். பக்கத்தில் இடம் போதவில்லை என்பது புரிகிறது, ஆனால் அவளுடைய மொத்த எடையும் இறங்குவது அந்தப் பாதங்களில்தான். அடுத்த இதழிலாவது முழுப் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்