சிடியை வெளியே விடாத புது லேப்டாப்

அன்புள்ள அம்முவுக்கு,

முதலில் அந்தக் குண்டூசியைக் கீழே வை.

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அம்மாவும் நானும் கேட்டோம். "சிடி டிரைவ் பட்டனை அமுக்கினா ஒண்ணுமே ஆகலப்பா, பேஷன்ட்டோட எம்ஆர்ஐ சிடி உள்ள மாட்டிக்கிச்சு, முன்னாடி சின்னதா ஒரு ஓட்டை இருக்கு, ஊசியை விட்டுப் பார்க்கட்டுமா" என்று கேட்டிருந்தாய். அந்த ஓட்டை அதற்காகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது கடைசி வழி. அந்த வழிக்குப் போனாலும் குண்டூசி வேண்டாம். நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து தூங்குகிறவளைப் போனில் எழுப்பி இதையெல்லாம் ஒப்பிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் போட்டால் நீ பாதியைத்தான் படிப்பாய். அதனால்தான் இந்த மெயில். சாவகாசமாகப் படி.

லேப்டாப் வாங்கி இன்னும் அட்டைப்பெட்டிகூடத் தூக்கிப்போடவில்லை. ஆகவே ரிப்பேர் பார்ப்பது உன் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. கோளாறு பட்டனிலா, டிரைவிலா, விண்டோஸிலா என்று மட்டும் தெரிந்துகொள். அது தெரிந்துவிட்டால் கடைக்காரன் உன்னைச் சுற்றலில் விட முடியாது. தெரியாமல் போனால், "மேடம், சாஃப்ட்வேர் பிராப்ளம், ஃபார்மட் பண்ணிக் கொடுக்கிறோம்" என்று சொல்லி மூன்று நாள் வைத்துக்கொண்டு, அதே பட்டனோடு திருப்பிக் கொடுப்பான்.

நம் கடையில் பெரிய கம்ப்யூட்டரில் இருந்த டிவிடி ரைட்டர்களை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். பட்டனை அமுக்கினால் உள்ளே மோட்டார் ஓடி, சிடி வைக்கிற தட்டு, அதாவது ட்ரே, தானாக முழுக்க வெளியே வரும். லேப்டாப் டிரைவில் அந்த மோட்டார் கிடையாது. 9.5 மில்லிமீட்டர், மிஞ்சினால் 12.7 மில்லிமீட்டர் தடிமனில் அதற்கு இடம் ஏது? ட்ரேயை ஒரு சின்னத் தாழ்ப்பாள் பிடித்திருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அந்தத் தாழ்ப்பாள் விடும், ஸ்பிரிங் ட்ரேயைக் கொஞ்சம் வெளியே தள்ளும், மீதியை நாம் கையால் இழுக்க வேண்டும். பட்டன் அந்தத் தாழ்ப்பாளை நேராகத் தொடுவதே இல்லை. அது டிரைவுக்குள் இருக்கும் சிப்புக்குத் தகவல் மட்டும் சொல்கிறது. சிப் பார்த்துத்தான் தாழ்ப்பாளைத் திறக்கும். கம்ப்யூட்டர் ஏற்கெனவே "வட்டை வெளியே விடாதே" என்று அந்தச் சிப்புக்குச் சொல்லி வைத்திருந்தால், நீ எத்தனை தடவை அமுக்கினாலும் அது அசையாது. இந்த விஷயம் தெரியாமல்தான் நிறையப் பேர் பட்டனையே குத்திக் குத்தி உடைக்கிறார்கள்.

அதனால் முதலில் காதைக் கொடு. ஃபேனை நிறுத்திவிட்டு, டிரைவுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு பட்டனை ஒருமுறை நிதானமாக அமுக்கிப் பிடித்து விடு. "டிக்" என்று சத்தம் வந்து ட்ரே மட்டும் வரவில்லை என்றால், பட்டன் நன்றாக இருக்கிறது, தாழ்ப்பாளும் வேலை செய்கிறது, ஏதோ ஒன்று ட்ரேயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சத்தமே இல்லை, அந்தச் சின்ன விளக்கும் மினுக்கவில்லை என்றால் நீ அமுக்கியது சிப்புக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது சிப் மறுக்கிறது.

அடுத்து, பட்டனை விட்டுவிட்டு விண்டோஸ் வழியாகக் கேட்டுப் பார். திஸ் பிசியைத் திறந்து, டிவிடி டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடு. அதற்கு முன் அந்த ஸ்கேன் சிடியிலிருந்து திறந்த வியூவரை மூடிவிடு. ஸ்கேன் சென்டர்கள் தரும் சிடியில் படத்தோடு, படம் பார்க்கிற புரோகிராமையும் சேர்த்தே போட்டுத் தருகிறார்கள் இல்லையா, அது சிடியிலிருந்தேதான் ஓடிக்கொண்டிருக்கும். அது திறந்திருக்கும்போது சில சமயம் பூட்டு விழுந்துவிடும். மூடியும் வரவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் இன்னும் ஓடுகிறதா என்று பார். ஒரு ரீஸ்டார்ட் கொடு. ரீஸ்டார்ட்தான், ஷட் டவுன் இல்லை. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட் டவுன் கொடுத்தாலும் பல லேப்டாப்களில் அது முழுசாக அணைவதில்லை. பாதியை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த தடவை அங்கிருந்தே தொடங்குகிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

எஜெக்ட் கொடுத்து ட்ரே வந்துவிட்டால் உன் பேஷன்ட் பெரியவருடைய சிடி கைக்கு வந்துவிட்டது, உன் தலைவலியில் பாதி தீர்ந்தது. இனிமேல் எந்த சிடியைப் போட்டாலும் முழுவதையும் லேப்டாப்புக்குக் காப்பி செய்துகொண்டு உடனே வெளியே எடுத்துவிடு. டைகாம்டிர் என்று ஒரு ஃபைல் இருக்கும், சிடியில் உள்ள ஸ்கேன் படங்களின் பட்டியல் அது, அதையும் பக்கத்தில் இருக்கும் ஃபோல்டர்களையும் பிரிக்காமல் சேர்த்தே எடு. படமும் சீக்கிரம் திறக்கும்.

சரி, இப்போது முக்கியமான சோதனை. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் வருவதற்கு முன்பே பயாஸ் திரைக்குள், அதாவது லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் திரைக்குள் போ. எஃப்2, எஃப்10, எஸ்கேப், டெலீட் என்று கம்பெனிக்குக் கம்பெனி பொத்தான் மாறும், உன் லேப்டாப் புத்தகத்தில் இருக்கும். உள்ளே போய் எதையும் மாற்றாதே. அந்தத் திரை நிற்கும்போது டிரைவின் பட்டனை அமுக்கு. அங்கே விண்டோஸும் இல்லை, வியூவரும் இல்லை, பூட்டுப் போட யாருமே இல்லை. அங்கே ட்ரே வந்தால் பட்டன் சுத்தமாக இருக்கிறது, விண்டோஸ் பக்கம்தான் ஏதோ கோளாறு. விண்டோஸில் எஜெக்ட் கொடுத்தால் வருகிறது, பயாஸில் பட்டனுக்கு வரவில்லை என்றால் குற்றவாளி பட்டன்தான், வேறு யாரும் இல்லை. இரண்டிலுமே வரவில்லை என்றால் டிரைவே போச்சு, அல்லது உள்ளே சிக்கியிருக்கிறது.

விண்டோஸ் பக்கம் என்று தெரிந்தால் பெரிதாகப் பயப்பட ஒன்றும் இல்லை. டிவைஸ் மேனேஜரில் அந்த டிவிடி டிரைவை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடு, விண்டோஸே திரும்ப ஏற்றிக்கொள்ளும். கரண்ட் மிச்சப்படுத்துகிறேன் என்று காலி டிரைவுக்கு மின்சாரத்தையே நிறுத்திவைக்கிற வசதியும் உண்டு. பட்டனை அமுக்கினால் எழுந்திருக்க வேண்டும், டிரைவர் சரியில்லாவிட்டால் எழுந்திருக்காது. சார்ஜர் செருகியிருக்கும்போது பட்டன் வேலை செய்து, பேட்டரியில் மட்டும் செய்யவில்லை என்றால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் பயாஸ், சிப்செட் அப்டேட் இருந்தால் போட்டுக்கொள். உன் விஷயத்தில் சிடி உள்ளே இருக்கிறது, அதனால் காலி டிரைவை அணைக்கிற அந்த வசதி காரணம் இல்லை என்றே நினைக்கிறேன்.

என் ஊகம் பட்டன்தான். புது லேப்டாப்பில் அது எப்படிக் கெடும் என்று நீ கேட்பாய். டிரைவைச் செய்கிறவன் ஒருவன், லேப்டாப் செய்கிறவன் இன்னொருவன். வாங்கிய டிரைவின் முகப்பில், தங்கள் லேப்டாப்பின் வளைவுக்கும் நிறத்துக்கும் ஏற்ற ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டுகிறார்கள். நீ அமுக்குகிற பட்டன் அந்தப் பட்டையில் ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு. உண்மையான சுவிட்ச் அதற்குப் பின்னால், டிரைவின் போர்டில், ஒரு மிளகு அளவில் இருக்கிறது. பட்டையின் ஒரு கிளிப் சரியாக உட்காராமல் போனால் நாக்கு சுவிட்சைத் தொடாது. இல்லையென்றால் தொட்டபடியே நின்றுவிடும், அப்போது லேப்டாப்பைத் தூக்கும்போதெல்லாம் ட்ரே தானாக வாயைத் திறக்கும். டிரைவை லேப்டாப்போடு பெரும்பாலும் அடியில் இருக்கும் ஒரே ஒரு திருகுதான் பிடித்திருக்கும், அது தளர்ந்தாலும் இதே கதைதான். லேப்டாப்பின் விளிம்போடு அந்தப் பட்டை சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். பட்டனின் நடுவில், ஓரத்தில், நகத்தால் நேராக என்று மாற்றி மாற்றி அமுக்கிப் பார். ஓர் இடத்தில் மட்டும் வேலை செய்தால் விஷயம் முடிந்தது. அதற்காகத் திருப்புளியை எடுத்துவிடாதே. எலும்பைத் திறந்து பார்க்கிற தைரியம் உனக்கு உண்டு என்று எனக்குத் தெரியும், ஆனால் எலும்புக்கு வாரண்டி கிடையாது, இதற்கு இருக்கிறது.

"டிக்" சத்தம் வந்து ட்ரே வரவில்லை என்றால் ஒரு கேள்வி: அந்த சிடியின் மேல் பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததா? பேஷன்ட் பேர், ஸ்கேன் நம்பர் போட்டு ஒட்டுகிறார்கள், பார்த்திருக்கிறேன். நம் கடையில் பொண்ணு மாப்பிள்ளை போட்டோவை ஸ்டிக்கராக ஒட்டிக் கொடுத்தால்தான் கல்யாண வீட்டுக்காரர்களுக்குத் திருப்தி. அந்த ஸ்டிக்கர் கோவில்பட்டி வெயிலில் ஓரம் கிளம்பும். பெரிய டிரைவில் தப்பித்துவிடும், லேப்டாப் டிரைவில் மேல் தகட்டோடு உரசி மடங்கி, அப்படியே அப்பிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் மேலேயே பிரிண்ட் அடிக்கிற வட்டுக்கு மாறினேன். இன்னொன்று, ட்ரேயின் நடுவில் இருக்கும் குமிழைப் பார்த்திருப்பாய், அதில் மூன்று சின்னப் பிடிப்புகள் இருக்கும். சிடியின் நடுவில் இரண்டு விரலால் அழுத்தி, அது "டப்" என்று உட்கார்ந்த பிறகுதான் ட்ரேயைத் தள்ள வேண்டும். வெறுமனே மேலே வைத்துத் தள்ளினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு உள்ளே மாட்டும்.

எதற்கும் அசையவில்லை என்றால்தான் அந்த ஓட்டை. ஷிஃப்டை அமுக்கிக்கொண்டே ஷட் டவுன் கொடு, அப்போது முழுசாக அணையும். சார்ஜரைக் கழற்று. உடனே கையை வைக்காதே, உள்ளே வட்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிக்கொண்டிருந்தது, அது ஓயட்டும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, லேப்டாப்பைத் தட்டையாக மேஜையில் வைத்து, நேராக உள்ளே தள்ளு. ஒரு தடை தட்டுப்படும், அங்கே இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ட்ரே விடும். குண்டூசி மெலிசு, கூர்மையானது, வழி தவறி வேறு எங்காவது குத்தும். லேப்டாப் டிரைவில் லென்ஸும் வட்டைச் சுழற்றுகிற மோட்டாரும் ட்ரேயோடு சேர்ந்தே வெளியே வரும், அதனால் ட்ரேக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, கட்டைவிரலால் நடுக்குமிழை அழுத்தியபடி சிடியின் ஓரத்தைத் தூக்கு. லென்ஸில் விரல் படக்கூடாது. இதையெல்லாம் செய்தால் வாரண்டி போகாது, அவர்களே வைத்த வழி இது. அப்படியும் வரவில்லை என்றால் விட்டுவிடு. நெம்பாதே. பெரியவர் வீட்டில் சொல்லி, ஸ்கேன் சென்டரில் இன்னொரு காப்பி கேட்கச் சொல். அவர்களிடம் பெரும்பாலும் இருக்கும்.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்றும் கேட்டிருந்தாய். பழைய லேப்டாப் என்றால் நானே போகச் சொல்வேன், அங்கே கைத்தொழில் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். வாரண்டி ஓடுகிற புது லேப்டாப்பை வெளி ஆள் திறந்தால், பிறகு கம்பெனிக்காரன் எல்லாவற்றுக்கும் அதையே காரணம் சொல்வான்.

சர்வீஸ் சென்டரில் பாஸ்வேர்டு கேட்பார்கள். கொடுக்காதே. உன் லேப்டாப்பில் பேஷன்ட்டுகளின் படங்கள் இருக்கின்றன, அது அவர்கள் நம்பிக் கொடுத்தது. பயாஸ் திரைக்குள் போய், "இங்கேயும் பட்டன் வேலை செய்யவில்லை பாருங்கள், இங்கே விண்டோஸே இல்லை" என்று காட்டு. விண்டோஸ் பாஸ்வேர்டும் வேண்டியதில்லை, ஃபார்மட் பேச்சுக்கும் இடமில்லை. லேப்டாப்பை வைத்துவிட்டு வரச் சொன்னால், பேஷன்ட் ஃபைல்களை எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொண்டு, லேப்டாப்பிலிருந்து அழித்துவிட்டுக் கொடு. பட்டனை அமுக்குவதையும் ட்ரே வராததையும் பயாஸ் திரையோடு சேர்த்து போனில் வீடியோ எடுத்துக்கொள். மாற்றித் தருவதற்கு எத்தனை நாள் கெடு என்று பில்லில் பார், அது தாண்டுவதற்குள் எழுத்தில் புகார் கொடு. வாயால் சொன்னது கணக்கில் வராது. இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீ இருக்கிற ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஒரு பட்டனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது, ஆனால் தெரிந்தவள் மாதிரி பேசினால் மரியாதை தனி.

இந்தக் காலத்தில் எதற்கு டிவிடி டிரைவ் வைத்த லேப்டாப் என்று உன் தம்பி சிரிக்கிறான். ஆப்பிள் 2008-லேயே மேக்புக் ஏரில் அதை எடுத்துவிட்டதாம், எனக்குப் பாடம் எடுக்கிறான். ஸ்கேன் சென்டர் சிடி கொடுப்பதை நிறுத்தும்வரை உனக்கு அது வேண்டும், அவ்வளவுதான். அதுவரை அவசரத்துக்கு யாரிடமாவது வெளியே செருகுகிற யுஎஸ்பி டிரைவ் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள். பழைய யுஎஸ்பி போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், சில டிரைவுகளுக்கு அது போதாது, இரண்டு முனை வயர் இருந்தால் இரண்டையும் செருகு.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது பில், சார்ஜர் இரண்டையும் மறக்காதே. பயாஸ் திரையில் என்ன நடந்தது என்று மட்டும் எனக்கு மெசேஜ் போடு. டைப் செய்து அனுப்பு, வாய்ஸ் வேண்டாம். அம்மா அதைக் கடையில் வந்தவர்கள் முன்னாலேயே சத்தமாகப் போட்டுவிடுகிறாள்.

அன்புடன்,
அப்பா