ஈறைக் கரைப்பது யார்?

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் மேற்படிப்புக்கு ஈறு நோய்ப் பிரிவையே எடுத்திருக்கிறாள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வாயில் வாழும் டிரைக்கோமோனஸ் டெனாக்ஸ் என்ற நுண்ணுயிரி உண்மையிலேயே ஈறை அரிக்கிறதா, அல்லது ஏற்கெனவே கெட்டுப்போன வாயில் ஒட்டிக்கொண்டு பிழைக்கிறதா என்று அவள் கேட்டிருப்பது, ஓய்வு பெற்ற பின்னும் என்னை விடாத கேள்வி.

டென்மார்க்கின் இயற்கையியலாளர் முல்லர் 1773-லேயே பல் காரையில் கண்டு எழுதிவைத்த ஒற்றைச் செல் உயிரி இது. உடலுக்கு வெளியே தாக்குப்பிடிக்கக் கூடுகட்டிக்கொள்ளும் பருவம் இதற்கு இல்லாததால், முத்தத்தாலோ எச்சில் பட்ட பாத்திரத்தாலோதான் ஒரு வாயிலிருந்து மறு வாய்க்குப் போகிறது. பாக்டீரியாவைத் தின்று கிடக்கும் சாது என்றே நெடுங்காலம் இதை ஒதுக்கிவைத்திருந்தார்கள்.

1991-இல் போஸ்னரும் டெமெஷும் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. இவ்வுயிரி தன் உடலுக்கு வெளியே விடும் புரதச் சிதைப்பு நொதிகள் திசுக்களைத் தாங்கும் புரதமான கொலாஜனின் 1, 3, 4, 5 ஆகிய வகைகளைச் சிதைக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். ஈறின் இணைப்புத் திசுவையும் பல்லை எலும்போடு பிணைக்கும் நார்களையும் பெரும்பாலும் 1, 3 வகைகளே தாங்குகின்றன. மேல்தோலுக்கு அடியிலுள்ள அடித்தளச் சவ்வு 4-ஆம் வகையால் ஆனது. கொலாஜன் மூன்று இழைகளை இறுக முறுக்கிய புரதம் என்பதால் குடலில் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் போன்ற நொதிகள்கூட அதை எளிதில் வெட்டுவதில்லை. ஜெலட்டினோ அந்த முறுக்கு அவிழ்ந்துபோன கொலாஜன். ஆகவே ஜெலட்டினைக் கரைக்கும் நொதி கொலாஜனையும் வெட்டும் என்று அவள் எழுதிவிடக் கூடாது.

இவ்வுயிரியின் நொதிகளில், சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு புரதத்தை வெட்டும் சிஸ்டீன் வகையைச் சேர்ந்தவை முக்கியமானவை. கறி சீக்கிரம் வேகப் போடும் பப்பாளிக்காயில் உள்ள பப்பெயினும் இந்த வகைதான். இவற்றைப் பார்ப்பதற்கான சோதனை அழகானது: ஜெலட்டின் கலந்த ஜெல்லில் புரதங்களை ஓடவிட்டு, அதற்காகச் சேர்த்த சோப்புப் பொருளைக் கழுவி நீக்கி, உடல் வெப்பத்தில் சில மணி நேரம் வைத்துவிட்டு நீலச் சாயம் ஏற்றினால், நொதி இருந்த இடங்கள் மட்டும் நீலம் பிடிக்காமல் வெளிர்க் கோடுகளாகத் தெரியும். ஈ-64 என்ற தடுப்பானைச் சேர்த்ததும் கோடு மறைந்தால், அது சிஸ்டீன் வகை என்று துணிந்து சொல்லலாம்.

ஆனால் சோதனைக் குழாயில் வெட்டுவதைக் கண்டவுடன் வாயிலும் இதுவே குற்றவாளி என்று தீர்ப்பெழுத எனக்கு மனம் வரவில்லை. உமிழ்நீரில் உள்ள சிஸ்டாட்டின்கள் என்ற புரதங்கள் இந்த வகை நொதிகளையே பிடித்து முடக்குபவை. அதோடு, நோயுற்ற ஈறுக்கும் பல்லுக்கும் இடையே விழும் ஆழ்ந்த ஈறுப் பையில் போர்ஃபிரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவும் சிஸ்டீன் நொதிகளைக் கொட்டுகிறது; நம்முடைய வெள்ளணுக்களும் தங்கள் பங்குக்குக் கொலாஜனை வெட்டும் நொதிகளை விடுகின்றன. இத்தனை கத்திகள் ஒரே இடத்தில் இருக்கும்போது எது எவ்வளவு வெட்டியது என்று பிரித்தறிய, பாக்டீரியா கலவாத தூய வளர்ப்பிலிருந்து நொதியை எடுத்தாக வேண்டும். நான் அவளுடைய வழிகாட்டியாக இருந்தால் முதல் ஆண்டை முழுக்க அதற்கே ஒதுக்கச் சொல்வேன்.

மாதிரி எடுக்கும்போது ஈறுப் பையின் அடிவரை கருவியை இறக்கி, வெதுவெதுப்பான உப்புநீரில் கலந்து உடனே நுண்ணோக்கியில் பார்க்கச் சொல். ஆறிப்போனால் அசைவு நின்றுவிடும்; அசையாத டெனாக்ஸை வெள்ளணு என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள்.

அன்புடன்,
வேலு