கல்லில் ஒரு நெடில்

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். துருக்கிய மொழிகளில் 'கல்' என்ற சொல்லின் மூலத்தைத் தேடும் உன் கட்டுரையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

துருக்கியில் தஷ், கசாக்கில் தஸ், சைபீரியாவின் யாகூத்தில் தாஸ், வோல்கா பக்கத்துச் சுவாஷில் ச்சுல். இவ்வளவையும் அடுக்கிவிட்டு மூலச்சொல் *தஷ் என்று, ஊகித்து மீட்ட வடிவத்துக்குரிய உடுக்குறி போட்டிருக்கிறாயே, நெடில் எங்கேடா? துருக்மென் அகராதியைக் கண்ணால் மட்டும் பார்த்திருக்கிறாய். அந்த எழுத்துமுறை ஆகார நெடிலைக் காட்டாது. குதிரை 'அத்', பெயர் 'ஆத்'. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். கல்லுக்கும் அங்கே பேச்சில் நெடில்தான். யாகூத்திலோ குதிரைக்கு ஓர் அகரம், பெயருக்கு இரண்டு, கல்லுக்கும் இரண்டு. காஸ்பியன் கரைத் துருக்மெனிலும் லேனா ஆற்றங்கரை யாகூத்திலும் தனித்தனியே நிற்கும் நெடில் மூலத்திலிருந்துதான் வந்திருக்கும். கல்லையும் காலையும் ஒருவன் ஒன்றாக்கினால் நாம் விடுவோமா?

பழைய துருக்கிய இளவரசன் குல் தெகினுக்கான 732ஆம் ஆண்டுக் கல்வெட்டின் 'பெங்கு தஷ்', நிலைத்த கல், குறிலுக்குச் சான்றாகாது. அது பொறிக்கப்பட்ட ஓர்கோன் எழுத்தில் சொல் நடுவே வரும் அகரத்தைப் பெரும்பாலும் எழுதவே மாட்டார்கள்.

எனக்கு உண்மையான வருத்தம் ச்சுல்லை 'விதிவிலக்கு' என்று அடிக்குறிப்பில் தள்ளியதில்தான். குளிர்காலம் துருக்கியில் கிஷ், சுவாஷில் ஹெல். வெள்ளி குமுஷ், அங்கே கெமெல். ஐந்து பெஷ், அங்கே பிலெக். வரிசையாக ஷகரத்துக்கு எதிரே லகரம்! இது விதி. ஆகவே கடைசி மெய்யை வெறும் ஷ என்று எழுதாதே. சுவாஷில் லகரமாக நின்று மற்ற மொழிகளில் ஷகரமான 'இரண்டாம் லகரமாக'க் குறி: *தால்². சொல்லின் முதலில் வரும் ச்சகரத்துக்கும் காரணம் அந்த நெடில்தான். சுவாஷில் குதிரை 'உத்', பெயர் 'யத்'. நெடில் உடைந்து முன்னால் ஓர் இகரச் சாயல் ஏறியிருக்கிறது, பார். கல்லில் அதே சாயல் தகரத்தைச் ச்சகரமாக்கியது.

அதற்காக எல்லா ஷகரத்தையும் மாற்றிவிடாதே. தலை, 'பஷ்', சுவாஷில் 'புஷ்' மாதிரிதான் ஒலிக்கிறது, லகரமே இல்லை. அதற்குத் தனி அட்டை போடு. கசாக் தஸ்ஸை வைத்தும் வாதாடாதே. அங்கே பழைய ஷகரமெல்லாம் ஸகரமாகிவிட்டது, பழைய ஸகரத்தோடு கலந்தும் போனது. மங்கோலியச் சொல்லிலும் லகரம் இருக்கிறது என்று துள்ளுவாய், தெரியும். அது பழைய கடனாகவும் இருக்கலாம். துருக்கிய மொழிகளைக் கொண்டே வடிவத்தை மீட்டுவிட்டு, கடைசியில் மங்கோலியச் சொல்லைப் பக்கத்தில் வை.

அட்டவணையில் யாகூத்தையும் சுவாஷையும் முதல் இரண்டு பத்தியாக மாற்றி, பெரியவரிடம் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு படி அனுப்பு.

அன்புடன்,
முரளி